கடல் ஏறிய காலத்தை எந்த வழியில் ஆராய்வது? சிங்கப்பூரிலிருந்து ஓர் ஒப்பீடு

கடல்மட்டம் ஏறியபோது பழங்குடி மக்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று ஆய்வு செய்ய நினைப்பவருக்கு, சிங்கப்பூரில் இருந்தபடியே ஐந்து வழிகள் உண்டு. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் கதைகள் ஒன்று. நம்மைச் சுற்றி மூழ்கிக் கிடக்கும் சுந்தாலாந்தின் மண்ணும் மரபணுவும் இன்னொன்று. இங்கேயே படகில் வாழ்ந்த ஓராங் லாவுட் மக்கள் மூன்றாவது. நான்காவது, கடலடித் தொல்லியல். அப்புறம், தமிழர் கூடும் எந்த மேசையிலும் அழைக்காமலே வந்து உட்காரும் குமரிக்கண்டம்.

என் அக்கா மகள் பல்கலைக்கழகத்தில் புவியியல் இறுதியாண்டு படிக்கிறாள். ஆய்வுத் தலைப்பைக் கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கியபோது இந்த ஐந்தையும் எழுதி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் பேராசிரியர் இல்லை. கட்டுமானத்துக்கு முன் மண் பரிசோதனைத் துளை போடும் வேலையில் பல காலமாக இருப்பவன். களிமண்ணைப் பற்றிக் கேட்டால் சொல்வேன் என்று வந்தவள், மற்றதற்கும் என்னை இழுத்துவிட்டாள். இருவரும் சேர்ந்து படித்ததையும் வாதாடியதையும் இங்கே எழுதுகிறேன். அவளைப் போலவே தலைப்புத் தேடுகிற வேறு யாருக்காவது உதவலாம்.

அவளுடைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு அதைப் பொறுத்தது. ஒரு கல்வியாண்டுதான் அவகாசம். பெரிய பணம் கிடையாது. கடலுக்கடியில் மூழ்கத் தெரியாது. மலாய், கடையில் பேரம் பேசும் அளவுக்கு. வரைபடம், ஆழக் கணக்கு, கணினியில் நிலப்படம் போடுவது எல்லாம் நன்றாக வரும்.

முதலில் ஒரு கேள்வியை உரைகல்லாக வைத்துக்கொண்டோம். கடல் ஏறியது என்று காட்டுவது ஒரு வேலை. ஏறியபோது அங்கிருந்தவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று காட்டுவது இன்னொரு வேலை. முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டையும் முடித்ததாக எழுதிவிடுவது இந்தத் துறையில் சுலபமாக நடக்கிறது. ‘இந்த இடம் 9,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கியது, ஆகவே மக்கள் உள்நாட்டுக்குப் பெயர்ந்தார்கள்’ என்று ஒரு வரி வந்தால், ‘ஆகவே’க்கு முன்னால் இருப்பதற்குச் சான்று இருக்கும், பின்னால் இருப்பது பெரும்பாலும் ஊகம். எந்த வழியில் அந்த ‘ஆகவே’க்குப் பின்னாலும் ஏதாவது கையில் சிக்குகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

சுந்தாலாந்து: மண்ணும் மரபணுவும்

எனக்குப் பிடித்த வழி இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். சிங்கப்பூர் அப்போது தீவே இல்லை; கடலிலிருந்து நெடுந்தூரம் உள்ளே தள்ளியிருந்த மேட்டுநிலம்.

மரினா பக்கமோ காலாங் பக்கமோ துளை போட்டால், மேலே நிரப்பிய மணல் முடிந்ததும் சாம்பல் நிறக் களிமண் வரும். சைட்டில் எல்லோரும் மரைன் கிளே என்பார்கள். எஃகுக் குழாயிலிருந்து வெளியே தள்ளும்போது பற்பசை மாதிரி பிதுங்கும். நடுநடுவே சிப்பித் துணுக்குகள் தெரியும். இன்னும் ஆழம் போனால் பல இடங்களில் திடீரென்று கெட்டியான ஒரு படலம், செம்மஞ்சள் திட்டுகளோடு. அதற்கும் கீழே மறுபடியும் சாம்பல் களிமண். நடுவில் இறுகிக் கிடக்கும் அந்தப் படலம், கடல் விலகிப் போயிருந்த காலத்தில் வெயிலில் காய்ந்த தரை. அதற்கு மேலே இருக்கிற மெத்தென்ற களிமண், கடல் திரும்பி வந்து போட்டது. பைல், அதாவது கட்டடத்தைத் தாங்கும் அடித்தளத் தூண், எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை இந்த அடுக்குகள் தீர்மானிப்பதால் நாங்கள் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டோமே தவிர, வரலாற்று ஆர்வத்தால் இல்லை.

மரினா சவுத்தில் எடுத்த மண்ணை வைத்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஒரு கடல்மட்டப் பதிவை வெளியிட்டார்கள். 9,500 ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இன்றைய மட்டத்துக்குச் சுமார் 21 மீட்டர் கீழே இருந்தது. 7,000 ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இன்றைய மட்டத்தைத் தொட்டுவிட்டது. சராசரி போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர். அந்த மண்ணில் சதுப்புநிலக் காட்டின் தடம் இருக்கிறது. ஏறுகிற கடலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அந்தக் காடு மூழ்கிப் போனது. அதற்கு முன்பே இதைவிட மோசமான ஒரு காலம் இருந்திருக்கிறது. 14,600 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 300 ஆண்டுகளுக்குள் சுந்தா கண்டத்திட்டில் (கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலடித் தரையில்) கடல் 16 மீட்டர் ஏறியதாக 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல்! தாத்தா மீன் பிடித்த கரையைப் பேரன் பார்த்திருக்க முடியாது.

மனிதர்கள் பக்கம் போனால், அதே நன்யாங் பல்கலைக்கழகத்திலிருந்து 2023இல் வந்த மரபணு ஆய்வு இருக்கிறது. ஆசியாவின் 59 இனக்குழுக்களைச் சேர்ந்த 763 பேரின் முழு மரபணுத் தொகுதியை, பழைய நிலப்பரப்பைக் காட்டும் வரைபடங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். கடல் ஏறி சுந்தாலாந்து துண்டுதுண்டாக உடைந்த காலங்களும், மக்கள்கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்த காலங்களும் பொருந்தி வருகின்றன. நிலம் பாதிக்கு மேல் போனதும் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கடி கூடி, மலாய்த் தீபகற்பத்தின் பூர்வகுடிகளில் ஒரு பிரிவான நெக்ரிட்டோ மக்களின் முன்னோரில் ஒரு பகுதி தெற்காசியாவை நோக்கி நகர்ந்தது என்பது அவர்கள் முடிவு.

அருமையான வேலை. ஆனால் உரைகல்லில் தேய்த்தால் பாதிதான் தேறும். மக்கள் நகர்ந்தார்கள் என்பதை மரபணு சொல்கிறது. கிளம்பலாம் என்று யார் சொன்னார்கள், மாட்டேன் என்று யார் நின்றார்கள், புதிய கரையில் எதைத் தின்று பிழைத்தார்கள் என்பது அதில் பதிவாகாது. ஒரு மாணவி தனியாக இந்த வேலையைத் திரும்பச் செய்யவும் முடியாது. கணினித் திறன் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த மரபணுவின் சொந்தக்காரர்களான செமாங் போன்ற நெக்ரிட்டோ மக்களின் சம்மதம் என்ற கேள்வியே ஓராண்டை விழுங்கிவிடும். கடல் ஏறிய வேகத்துக்கு அளவுகோலாக இதை முதல் அத்தியாயத்தில் வைக்கலாம். முழு ஆய்வாக வேண்டாம் என்று முடிவு செய்தோம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஓராங் லாவுட்

பக்கத்திலேயே இருக்கிறார்கள், இவர்களை விட்டுவிட்டு எங்கே போவது என்று தோன்றும். 1819இல் ஆங்கிலேயர் வந்து இறங்கியபோது சிங்கப்பூரில் இருந்த சுமார் ஆயிரம் பேரில் பாதிப் பேர், காலாங் ஆற்றின் முகத்துவாரத்தில் படகுகளில் வாழ்ந்த ஓராங் காலாங் மக்கள் என்று சொல்லப்படுகிறது. பின்னால் அவர்கள் ஜோகூரின் பூலாய் ஆற்றுப் பக்கம் கொண்டுபோய் விடப்பட்டார்கள். வடக்கே சிலேத்தார் பக்கம் இருந்த ஓராங் சிலேத்தார் மக்களின் வழிவந்தவர்கள் இன்றும் ஜோகூர்க் கரையோரம் வாழ்கிறார்கள். தெற்குத் தீவுகளில் இருந்தவர்கள் கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இவர்களுடைய கடலறிவு பெரிது. மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கும் அலையேற்றத்தோடு அன்றாடம் வாழ்ந்தவர்கள். ஆனால் நம் தலைப்பு அதுவல்ல. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா கட்டப்பட்டபோது, 1828க்கும் 1830க்கும் இடையில், அதற்கு எதிரே கடற்கரை இருந்தது. இன்று அங்கே நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் அலுவலகக் கோபுரங்கள். இந்தத் தீவில் இருநூறு ஆண்டாகக் கரைதான் கடலை நோக்கி நடந்திருக்கிறது. ஓராங் லாவுட் மக்கள் நினைவில் இருக்கும் காலத்தில் எதிர்கொண்டது ஏறுகிற கடலை இல்லை. தூர்க்கப்பட்ட கடலை, மூடப்பட்ட ஆற்றுமுகத்தை, அரசாங்கக் கடிதத்தை. அவர்களிடம் போய் 9,000 ஆண்டுக்கு முந்தைய கதை கேட்பது, அவர்கள் சொல்ல வருவதைக் காதில் வாங்காமல் நாம் எழுத நினைத்ததை அவர்கள் வாயில் திணிப்பது. இப்போது வாழ்கிற மக்களைக் கற்காலத்துக்கு ஜன்னலாக வைத்துப் பார்க்கும் பழக்கம் மானுடவியலில் நீண்ட காலம் இருந்தது. இன்னொரு முறை வேண்டாம்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஜோகூரில் ஓராங் அஸ்லி (தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகள், ஓராங் சிலேத்தாரும் இதில் அடக்கம்) மக்களிடையே கள ஆய்வு செய்ய மலேசியாவின் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் அனுமதி வேண்டும். இங்கே பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவும் பார்க்கும். மலாயும் நன்றாக வேண்டும். வாரக் கடைசியில் பாலம் தாண்டிப் போய் நாலு பேரிடம் பேசிவிட்டு வந்து எழுதுகிற விஷயம் இல்லை இது.

கடலடியில் கிடைத்தவை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு இது சீக்கிரமே கழிந்துவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் முருஜுகாவில், அந்த மண்ணின் பூர்வகுடி அமைப்போடு சேர்ந்து கடலடியில் தேடி, 269 கல் கருவிகளை ஓரிடத்திலும், 14 மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய நன்னீர் ஊற்றருகே இன்னொரு கருவியையும் கண்டுபிடித்தார்கள். 2020இல் வெளியான ஆய்வு அது. முதல் இடம் குறைந்தது 7,000 ஆண்டு, இரண்டாவது குறைந்தது 8,500 ஆண்டு பழையது என்றார்கள். கருவிகள் முதலில் போட்ட இடத்திலேயே கிடந்தனவா, கடல் உருட்டிக்கொண்டு வந்ததா என்று வேறு சில தொல்லியலாளர்கள் மறுத்து எழுதினார்கள். அந்தச் சண்டையைப் படிப்பதே நல்ல பாடம். அதே ஊரின் பாறைச் செதுக்கல்களில் நிலத்து விலங்குகளோடு மீனும் ஆமையும் வருகின்றன. கரை நெருங்கி வந்ததை அதில் படிக்கிறவர்கள் உண்டு. 2025இல் அது உலக மரபுடைமைத் தலமானது.

இஸ்ரேலின் கார்மல் கரையோரம் தெல் ஹ்ரெய்ஸ் என்ற இடத்தில் சுமார் 7,000 ஆண்டுக்கு முந்தைய கற்சுவர் ஒன்று கடலுக்கடியில் கிடக்கிறது. 100 மீட்டருக்கு மேல் நீளம். ஊருக்கும் கடலுக்கும் நடுவே, ஒரு டன் வரை எடையுள்ள பாறைகளை எங்கிருந்தோ கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். கடலை எதிர்த்துக் கட்டிய சுவர்களில் இதுவரை தெரிந்தவற்றில் இதுவே பழையது என்று 2019இல் எழுதினார்கள். உரைகல்லுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது: மக்கள் முடிவெடுத்தார்கள், கூடி உழைத்தார்கள், கல்லில் இருக்கிறது. கடைசியில் சுவரும் ஊரும் சேர்ந்தே மூழ்கின. கிழக்குக் கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டரில் நீண்ட தீவு எழுப்பத் திட்டமிட்டு, கடலோரப் பாதுகாப்புக்கு நூறாண்டில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ ஆகலாம் என்று 2019 தேசிய தினக் கூட்டத்தில் பிரதமர் சொல்லக் கேட்ட நாட்டில் இருந்துகொண்டு இதைப் படித்தால் வயிற்றில் கொஞ்சம் புளி கரைக்கும்.

ஆனாலும் இரண்டையும் பற்றி ஒரு மாணவி புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? மூழ்கிப் போய்ப் பார்க்க முடியாது. மற்றவர் அறிக்கையைச் சுருக்கி எழுதுவதாகத்தான் முடியும். கற்கால மீனவர் ஊரைப் ‘பூர்வகுடி’ என்று அழைக்கலாமா என்பது வேறு தனி விவாதம்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பூர்வகுடிகள் கட்டிய சிப்பித் தோட்டங்களையும் அவள் ஆசையோடு எடுத்து வந்தாள். கடைசி அலையிறக்கக் கோட்டில் கல் அடுக்கி, சிப்பி வளரும் தளத்தை அகலப்படுத்தும் முறை. குறைந்தது 3,500 ஆண்டுப் பழமை. பிரச்சினை, அவை அதிகம் ஆராயப்பட்ட குவாட்ரா தீவில் அந்தக் காலம் முழுக்க நிலத்தை ஒப்பிடக் கடல் இறங்கிக்கொண்டிருந்தது. தலைப்புக்கே எதிர்த்திசை. ‘மாமா, இதை அடிக்குறிப்பிலாவது வைக்கலாமா?’ என்றாள். வைக்கலாம் என்றேன்.

நம் கடல்கோள்

சாப்பாட்டு மேசையில் அத்தான் கேட்டார்: ‘நம்மிடமே கடல்கோள் இருக்கும்போது பிள்ளை எதற்கு ஆஸ்திரேலியாக்காரன் கதையைத் தேடிப் போகணும்?’ நியாயமான கேள்விதான். பஃறுளி ஆறும் குமரிக்கோடும் கடலுக்குப் போனதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. புகார் கடலுக்குப் போனதை மணிமேகலை சொல்கிறது. இதைப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்களுக்கு, கடல் ஊரை விழுங்கும் என்பதை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் ஆய்வுக்கு எடுத்தால் மூன்று முட்டுக்கட்டைகள். முதலாவது, கண்டம் என்ற கற்பனை. பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864இல், லெமூர் விலங்குகளும் அவற்றின் உறவினங்களும் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பதை விளக்க இந்துமாக்கடலில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்றார். லெமூரியா என்று பெயரும் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த நிலத்துக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது. அதற்குள் நம்மவர்கள் அதைக் குமரியோடு முடிச்சுப் போட்டிருந்தார்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே கண்டத்திட்டு முடிந்ததும் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. கடல்மட்டம் 120 மீட்டர் குறைந்தபோது குமரிக்குத் தெற்கே ஒரு பட்டை நிலமும், பாக் நீரிணையில் இலங்கையோடு இணைப்பும் வெளியே தெரிந்திருக்கும். கண்டம் தெரிந்திருக்காது.

இரண்டாவது, பாட்டில் இடம் இல்லை. ஆழத்தை அளந்து பார்க்க ஒரு புள்ளி வேண்டும்: இந்தத் தீவுக்கு நடந்து போனார்கள், இந்த மேட்டில் ஏறி நின்றார்கள் என்று. பஃறுளி எங்கே ஓடியது என்று எந்த வரைபடத்தில் குறிப்பது? மூன்றாவதுதான் பெரிது: ஒரே நாளில் வந்து போகும் ஆழிப்பேரலையும், தலைமுறை தலைமுறையாக ஏறும் கடலும், கரை அரிப்பும் நம் பேச்சில் ‘கடல் கொண்டது’ என்ற ஒரே பானையில் விழுந்துவிடுகின்றன. பூம்புகார்க் கரையில் இந்தியாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்டெடுத்த கட்டடங்கள் மூழ்கியதற்குக் கரை அரிப்பே காரணமாக இருக்கலாம். பனியுகம் முடிந்து கடல் ஏறியதோடு அவற்றை ஒட்டவைக்க முடியாது.

இதையெல்லாம் அத்தானிடம் சொன்னேன். ‘அப்போ நம்ம பாட்டு பொய்யா?’ என்றார். இல்லை. பாட்டு எதையோ நினைவில் வைத்திருக்கிறது. எதை என்று இந்த ஓராண்டில் நிரூபிக்க வழியில்லை, அவ்வளவுதான். அவருக்குத் திருப்தி இல்லை. இன்னும் இல்லை.

ஆஸ்திரேலியா: கதையும் கடலாழமும்

மிச்சமிருப்பது இந்த வழி. கடைசியில் அவள் எடுத்ததும் இதுதான்.

பேட்ரிக் நன் புவியியலாளர், நிக்கலஸ் ரீட் மொழியியலாளர். இருவரும் 2016இல் வெளியிட்ட கட்டுரையில், ஆஸ்திரேலியக் கரையைச் சுற்றி 21 இடங்களில், முன்பு நிலமாக இருந்தது கடலானது என்று சொல்லும் பூர்வகுடிக் கதைகளைத் தொகுத்தார்கள். ஆஸ்திரேலியாவைச் சுற்றிக் கடல் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்துக்கு வந்துவிட்டது. அதன்பின் பெரிய ஏற்றம் இல்லை. ஆகவே, கரையை நிரந்தரமாக இழந்த உண்மை நினைவு ஒன்று இருந்தால் அது 7,000 ஆண்டுக்கு மேற்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். இந்த ‘ஆகவே’ பரவாயில்லை, பின்னாலும் கொஞ்சம் தாங்குகிறது.

முறை எளிது, அதுதான் அழகு. தெற்கு ஆஸ்திரேலியாவின் நாரிந்ஜெரி மக்களின் கதையில் நுருந்தெரி என்ற முன்னோரை விட்டு ஓடிய இரண்டு மனைவியர், பெருநிலத்திலிருந்து கங்காரு தீவை நோக்கி நடந்தே கடக்கிறார்கள். அவர் கடலை எழச் சொல்கிறார். நடுவழியில் மூழ்கி இருவரும் பாறைத் தீவுகளாகிறார்கள். நடந்து கடக்க வேண்டுமென்றால் அந்த நீரிணையின் அடித்தரை வெளியே தெரிய வேண்டும். அங்கே ஆழம் எவ்வளவு, கடல் கடைசியாக அந்த ஆழத்துக்குக் கீழே இருந்தது எப்போது என்று கடல்மட்ட வரைகோட்டில் பார்த்தால் சுமார் 10,000 ஆண்டு என்று வருகிறது. அதுவே அந்த நினைவின் குறைந்தபட்ச வயது. உலகக் கடலடி ஆழங்களின் ஜெப்கோ தரவு இலவசம். மடிக்கணினி போதும். சிங்கப்பூரில் இருந்து செய்யக்கூடிய, புதிதாக எதையாவது சொல்லக்கூடிய வேலை இந்த ஐந்தில் இது ஒன்றுதான்.

சமாளித்த விதம் பற்றியும் கதைகளில் ஏதாவது இருக்கிறது. வடகிழக்கே கெய்ர்ன்ஸ் நகரத்துப் பக்கத்து குங்கன்ஜி மக்கள் சொல்வது: ஒருவன் தடைசெய்த மீனைப் பிடித்தான், கடல் பொங்கி ஏறியது. மக்கள் மலைக்கு ஓடினார்கள். மேலே நெருப்பு மூட்டிப் பாறைகளைப் பழுக்கக் காய்ச்சி, வருகிற வெள்ளத்தை நோக்கி உருட்டிவிட்டார்கள். கடல் நின்றது, ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இதில் பின்வாங்கல் இருக்கிறது, கூட்டு முயற்சி இருக்கிறது, யார் குற்றம் என்ற தேடல் இருக்கிறது, இழந்தது இழந்ததுதான் என்ற ஒப்புதலும் இருக்கிறது. அதே வட்டாரத்தில், இன்று கடலுக்கடியில் இருக்கும் இடங்களுக்குப் பெயர் இருந்ததை மொழியியலாளர்கள் பதிந்திருக்கிறார்கள். ஓர் இடத்தின் பெயர் அங்கே ஒருகாலத்தில் நின்ற மரத்தின் பெயர். நிலம் போன பிறகும் அதன் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒருவகைச் சமாளிப்பு என்று அவள் எழுதப் போகிறாள். மேற்பார்வையாளர் ஏற்றுக்கொள்வாரா தெரியவில்லை; எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏழாயிரம் ஆண்டு ஒரு கதை எப்படிச் சிதையாமல் வரும் என்று கேட்காதவர் கிடையாது. ரீட் காட்டும் விளக்கம் உறவுமுறையில் இருக்கிறது. ஒருவர் தம் நிலத்தின் கதைகளைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மகன் சரியாகக் கற்றானா என்று சோதிக்கும் பொறுப்பு அவன் சகோதரியின் பிள்ளைகளுக்கு. தாய்மாமன் சொல்வதை மருமக்கள் சரிபார்க்கும் ஏற்பாடு! இதைப் படித்த அன்றிலிருந்து நான் களிமண் பற்றி எதைச் சொன்னாலும் என் மருமகள் கூகுளில் தேடிவிட்டுத்தான் தலையாட்டுகிறாள்.

ஓட்டைகளும் இருக்கின்றன, அவற்றை மறைத்தால் ஆய்வு நிற்காது. மெல்பர்ன் நகரம் இருக்கும் போர்ட் பிலிப் விரிகுடா முன்பு கங்காரு வேட்டையாடிய புல்வெளி என்று அங்குள்ள பூர்வகுடிகள் சொன்னது 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருக்கிறது. 7,000 ஆண்டுப் பழைய நினைவு என்று சந்தோஷப்படலாம். ஆனால் 2011இல் வந்த ஒரு நிலவியல் ஆய்வு, விரிகுடாவின் குறுகிய வாய் மணலால் அடைபட்டு, 2,800 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,000 ஆண்டுகளுக்கு முன் வரை உள்ளே வறண்டு கிடந்தது என்கிறது. கதை ஒன்றே, வயது ஆயிரமாகவும் இருக்கலாம், ஏழாயிரத்துக்கு மேலாகவும் இருக்கலாம். எல்லா இடத்துக்கும் ஆழக் கணக்கு மட்டும் போதாது, உள்ளூர் மண்ணையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. களிமண்காரன் சொல்வதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு சந்தேகம்: தீவையும் எதிர்க்கரையையும் பார்த்தவர்கள் ‘ஒருகாலத்தில் சேர்ந்திருக்கும்’ என்று பிற்பாடு கட்டிய கதையாக இருக்கலாமே? ஒரே ஓர் ஊரில் என்றால் அப்படிச் சொல்லிவிடலாம். தொடர்பற்ற இத்தனை கரைகளில் கடல் உள்ளே வந்த கதையே திரும்பத் திரும்ப வருவதுதான் நன், ரீட் தரும் பதில். முழுப் பதில் இல்லை, ஆனால் லேசாகத் தள்ளவும் முடியாது. அதோடு, இந்தக் கதைகளில் பல குடியேறிய வெள்ளையர் எழுதிவைத்தவை. அவர்கள் காதில் பைபிளின் பெருவெள்ளம் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது. யார், எப்போது, யாரிடம் கேட்டு எழுதினார் என்று ஒவ்வொரு கதைக்கும் தனியாக ஒரு பத்தி வேண்டும்.

அச்சில் இருக்கும் கதைதானே, எடுத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்கக்கூடாது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மற்றும் டோரஸ் நீரிணைத் தீவினர் ஆய்வுக் கழகம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, கதை அந்தச் சமூகத்தின் சொத்து என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. பொதுவெளியில் சமூகமே பகிர்ந்திருக்கும் கதைகளை மட்டும் எடுப்பது, சமூகத்தின் பெயரைச் சொல்லி மேற்கோள் காட்டுவது, அவர்களுடைய அமைப்புக்குக் கட்டுரையை அனுப்பிவைப்பது என்று வைத்துக்கொண்டாள்.

அவள் போட்டிருக்கும் திட்டம் இப்படி. 21 இடங்களையும் தொடவில்லை, மூன்றுதான். கங்காரு தீவு, கெய்ர்ன்ஸ் கரை, போர்ட் பிலிப். மூன்றாவதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறாள், முறை எங்கே சறுக்குகிறது என்று காட்ட. ஒவ்வொன்றிலும் கடல் எந்த வேகத்தில் ஏறியிருக்கும் என்று கணக்கிட்டு, மரினா சவுத்தின் பதிவோடு பக்கத்தில் வைக்கிறாள். ஒரு தலைமுறையில் கண்ணுக்குத் தெரியும் வேகமா, இல்லையா என்பதுதான் அவள் கேள்வி. கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்தான் சூடான பாறைகளும் ஓட்டமும் கதையில் வருகின்றனவா? பதில் ‘இல்லை’ என்று வந்தாலும் கட்டுரை நிற்கும்.

உங்கள் நிலைமை வேறாக இருந்தால் என் பதிலும் வேறு. சில வாரங்களில் முடிக்க வேண்டிய பள்ளித் திட்டப்பணி என்றால் தெல் ஹ்ரெய்ஸ் சுவரையும் முருஜுகாவையும் எடுங்கள். இரண்டு ஆய்வுகளும் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழில் இருக்கின்றன, படங்களும் தெளிவு. உயிரியல் பின்னணியும் ஆய்வகத் தொடர்பும் உள்ளவர் சுந்தாலாந்தை விடாதீர்கள். சரளமான மலாயும் இரண்டு மூன்று ஆண்டு அவகாசமும் இருப்பவர் ஓராங் சிலேத்தார் மக்களிடம் போகலாம்; ‘பண்டைய’ என்ற அடைமொழியைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, அனுமதிக் கடிதங்களை முதல் மாதமே அனுப்பிவிட்டு.